சந்தேகம் உடம்பில் எங்கே இருக்கிறது

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் என் கணவரும் மருத்துவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் நடைக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். குரல் கேட்கவில்லை. மருத்துவர் ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த தாளை மடித்தார். என் கணவர் தலையை ஆட்டினார். இதயத்தில் பெரிய கோளாறு, அதை என்னிடம் மறைக்கிறார்கள் என்று அந்த நொடியில் முடிவு செய்துவிட்டேன்.

வெளியே வந்தவரிடம், "இன்னா சொன்னாரு?" என்றேன்.

"ஒண்ணும் இல்லையாம். வா, போலாம்."

"ஒண்ணும் இல்லன்னு சொல்றதுக்கா இவ்ளோ நேரம்?"

"அவரு நிலத்துல மோட்டார் ஓடலையாம். அதைக் கேட்டுக்கினு இருந்தாரு."

நான் நம்பவில்லை. என் கணவர் குமரவேல் பெரிய காஞ்சிபுரத்தில் மோட்டாருக்குக் காயில் (செப்புக் கம்பிச் சுற்று) கட்டும் கடை வைத்திருந்தார். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து எரிந்துபோன பம்புசெட் மோட்டார்கள் வண்டியில் வந்து இறங்கும். ஏழு மாதம் கழித்து அந்த மருத்துவரின் மோட்டாரே கடைவாசலில் வந்து இறங்கியபோதுதான், அன்று அவர் சொன்னது பொய்யில்லை என்று எனக்குத் தெரிந்தது.

அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. தொண்ணூறுகளின் கடைசி ஆண்டுகள். ஒன்பதாம் வகுப்பில் மதிய இடைவேளைக்குப் பிறகு கரும்பலகையில் ஒரு வட்டம் வரைந்துகொண்டிருந்தேன். பாதி வட்டத்தில் இதயம் திடீரென்று அடிக்கத் தொடங்கியது. கதவைத் தட்டுவதுபோல் அடித்தது. விரல்கள் மரத்தன. காற்று உள்ளே போகிறது, ஆனால் போதவில்லை. சாகப் போகிறேன் என்று நினைத்தேன். அதைவிடத் தெளிவான எண்ணம் என் வாழ்க்கையில் வந்ததில்லை.

மாணவிகள் தண்ணீர் கொண்டுவந்தார்கள். தலைமையாசிரியை ஆட்டோ வரவழைத்தார். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது.

அடுத்த சில மாதங்களில் அது வாரத்துக்கு இரண்டு முறை வந்தது. பேருந்தில் வந்தது, ரேஷன் கடை வரிசையில் வந்தது, நாத்தனார் வீட்டுக் கல்யாணத்தில் வந்தது. இசிஜி எடுத்தோம். எக்கோ (ஒலி அலைகளால் இதயத்தின் அசைவைப் பார்க்கும் சோதனை) எடுத்தோம். ஓடும் பட்டையில் நடக்கவைத்துப் பார்த்தார்கள். தைராய்டு (கழுத்திலுள்ள ஒரு சுரப்பி) சரியாக இருக்கிறதா என்று ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. சரி என்று எழுதிய ஒவ்வொரு தாளிலும் என் பெயரின் எழுத்துக்கள் சரியா, வயது சரியா என்று பார்த்தேன். வேறு ஒருத்தியின் முடிவை என் பெயரில் போட்டிருக்கலாம் அல்லவா? சோதனைக்கூடத்துப் பெண்ணிடம் அதைக் கேட்டும் விட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

பையில் எப்போதும் ஒரு தண்ணீர்ப் புட்டியும் வீட்டு முகவரி எழுதிய சீட்டும் வைத்திருந்தேன். வழியில் விழுந்து செத்தால் யாராவது வீட்டுக்குச் சொல்ல வேண்டுமே.

ஒருநாள் கடையில் குமரவேல் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தார். தலை நிமிராமலே சொன்னார்: "மோட்டார் ஓடலன்னா ஒண்ணு காயில் கருகியிருக்கும், இல்ல வர்ற லைன்ல கோளாறு இருக்கும். உன் காயிலை மூணு பேரு பாத்துட்டாங்க. நல்லா இருக்குதுபா. லைனைப் பாக்கலாமே."

"பைத்தியம்ன்றீங்களா?"

"லைனுன்னுதான் சொன்னேன்."

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மனநல மருத்துவரிடம் போனோம். அவர் வியாழக்கிழமைகளில் மட்டும் ஊருக்கு வந்து பார்ப்பவர். குறைவாகப் பேசும் அம்மையார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "உங்களுக்கு நெஞ்சு அடைக்கிறது உண்மை. மூச்சு முட்டுறது உண்மை. மாரடைப்பு மட்டும்தான் உண்மை இல்லை" என்றார். பீதி நோய் (வெளிக் காரணம் இல்லாமல் திடீரென்று எழுந்து, உச்சத்துக்குப் போய், தானே இறங்கும் அளவு கடந்த அச்சம்) என்று அதற்குப் பெயர் சொன்னார். தினமும் போட ஒரு மாத்திரை, அது வேலை செய்யும்வரை பதற்றத்தைத் தணிக்க இன்னொரு சிறிய மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

மூன்று வாரம் அவற்றைப் போட்டுக்கொண்டதாக வீட்டில் சொன்னேன். போடவில்லை. மாத்திரைக்கு அடிமையாக்கிவிடுவார்கள் என்று சந்தேகம். நான்காவது வாரம் பேருந்தில் மயங்கப் பார்த்தேன். அன்றுதான் முதல் மாத்திரையை விழுங்கினேன்.

மாத்திரை உதவியது. ஆனால் அடுத்தது எப்போது வரும் என்ற காத்திருப்பு போகவில்லை. மருத்துவர் ஒரு சீட்டில் முகவரி எழுதித் தந்தார். "ஞாயித்துக்கெழமை காலையில ஒரு குழு கூடுது. விழிப்புணர்வுப் பயிற்சி (உடம்பிலும் மனதிலும் நடப்பதை மாற்ற முயலாமல் கவனிக்கும் முறை). மாத்திரையோட சேர்ந்து இதுவும் வேணும். போய்ப் பாருங்க."

அது ஒரு தட்டச்சுப் பள்ளியின் மாடி. உறை போட்ட தட்டச்சு இயந்திரங்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு, பத்துப் பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நடத்தியவள் நித்யா, சென்னையில் உளவியல் படித்த பெண். என்னிடம் படித்துவிட்டுப் போன மாணவிகளின் வயதுதான் இருக்கும். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

முதல் நாள் நான் கேட்டவை: இது எந்த மடத்தைச் சேர்ந்தது? யாருடைய படத்தைக் கும்பிட வேண்டும்? என்ன படித்திருக்கிறாய்?

"மடம் இல்ல டீச்சர். படமும் இல்ல. சென்னையில ஒரு மையம் இருக்குது, அவங்க என்னை அனுப்புறாங்க. சர்டிபிகேட் அடுத்த வாரம் எடுத்துக்கினு வரேன்" என்றாள் சிரிக்காமல்.

கொண்டுவந்தாள். நான் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து முத்திரையைப் பார்த்தேன். மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் காத்திருந்தாள்.

பயிற்சி எளிமையானது. கண்ணை மூடலாம், திறந்தும் வைக்கலாம். பாதம் தரையில் படும் இடம், மூச்சு, பக்கத்து வீட்டுத் தறியின் ஓசை, எது தெரிகிறதோ அது. பயம் வந்தால், "அதை மாத்த வேணாம், விரட்ட வேணாம். உடம்புல எங்க இருக்குது, எவ்ளோ பெருசா இருக்குது, நகருதா, அதை மட்டும் பாருங்க" என்பாள். இதற்கா படிப்பு என்று தோன்றியது. இருந்தாலும் போனேன். போகாமல் இருப்பதற்கும் காரணம் கிடைக்கவில்லை.

ஐந்தாவது வாரம், பாயில் உட்கார்ந்திருக்கும்போதே அது வந்தது. எழுந்து கதவை நோக்கி ஓரடி வைத்தேன்.

"போணும்னா போங்க டீச்சர். இருக்கலாம்னா நான் பக்கத்துல இருக்கேன்" என்றாள் நித்யா.

இருந்தேன். நெஞ்சில் அடிப்பது ஏறியது. தொண்டைக்குக் கீழே ஒரு முஷ்டி அளவுக்கு இறுகியது. இப்போது உடையும், இப்போது உடையும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். உடையவில்லை. ஏறிய இடத்தில் கொஞ்சம் நின்றது. பிறகு இறங்கியது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பதினோரு நிமிடம். அதுவரை ஒவ்வொரு முறையும் நான் ஓடியிருக்கிறேன். ஓடியதால்தான் பிழைத்தேன் என்று நம்பியிருக்கிறேன். அது தானாக இறங்கும் என்பதைக் காண நான் ஒருமுறைகூட அங்கே இருந்ததில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில், மாத்திரைதான் வேலை செய்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன்.

ஒவ்வொரு ஞாயிறும் பயிற்சிக்குப் பிறகு பேச்சு இருக்கும். அவரவர் பயம் வீட்டில், வேலையில் யார்மீது போய் விழுகிறது என்று சொல்வோம். ஒருவருக்குள் நடப்பது அவரோடு நிற்பதில்லை, ஒருவர் கவனித்தால் சுற்றியிருப்பவர்களும் கொஞ்சம் மாறுவார்கள் என்பது நித்யாவின் எண்ணம். பெரிய பேச்சாகத்தான் எனக்குப் பட்டது. ஆனால் சகுந்தலா என்ற நெசவுக்காரப் பெண், "நான் பயந்துக்கினு இருந்தா எம் பசங்க சோத்தைக்கூட சத்தமில்லாம துன்னுதுங்க" என்றபோது எனக்கு என் வகுப்பு நினைவுக்கு வந்தது.

என் வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும். இருபது ஆண்டுகளாக அதில் எனக்குப் பெருமை. சரியான விடை எழுதிய பெண்ணையும் "யாரைப் பாத்து எழுதின?" என்று கேட்பவள் நான். திங்கட்கிழமை வகுப்பில் அந்த அமைதியைக் கவனித்தேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி, நான் பக்கத்தில் போனதும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நான் நகர்ந்ததும் விட்டாள். அந்த மூச்சு எனக்குத் தெரிந்த மூச்சு.

அன்றிலிருந்து அந்தக் கேள்வியைக் கேட்பதை நிறுத்தினேன். பெரிதாக வேறொன்றும் செய்யவில்லை. மாதக் கடைசியில் வகுப்பில் சலசலப்பு வந்துவிட்டது. தலைமையாசிரியை கூப்பிட்டு, உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

அந்தச் சமயத்தில்தான் மையத்தின் தலைவர் சென்னையிலிருந்து வந்தார். ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். பல ஊர்க் குழுக்களிலிருந்தும் ஆட்கள். அவருக்கு நல்ல குரல். ஒரு மனிதன் விழித்தால் ஒரு வீடு விழிக்கும், வீடு விழித்தால் தெரு, தெரு விழித்தால் ஊர் என்று பேசினார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு சொன்னார்: "உங்கள்ல நிறையப் பேர் மாத்திரை சாப்பிடறீங்க. அது ஊன்றுகோல். கால் இருக்கிறவனுக்கு எதுக்கு ஊன்றுகோல்? இன்னைக்குத் தூக்கி எறிஞ்சுட்டு நடந்து பாருங்க."

நான் எழுந்தேன். "ஐயா, எப்படி நிறுத்தணும்? ஒரே நாள்லயா, கொஞ்சம் கொஞ்சமாவா? டாக்டரைக் கேக்க வேணாமா?"

அவர் என்னைக் கனிவோடு பார்த்தார். "அம்மா, உங்க கேள்வியையே கவனிச்சுப் பாருங்க. அதுல பயம் இருக்கு. உங்க சந்தேகம்தான் உங்க நோய்."

மறுபடியும் கைதட்டல். நான் உட்கார்ந்தேன். முகம் சுட்டது. மேடையின் ஓரத்தில் நின்ற நித்யாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே செருப்பைத் தேடும்போது வரதன் பக்கத்தில் வந்தார். சின்ன காஞ்சிபுரத்துக்காரர், வங்கியில் குமாஸ்தா, எங்கள் குழுவில் என்னைவிடப் பழையவர். பதற்றத்தைத் தணிக்கும் அந்தச் சிறிய மாத்திரையை இரண்டு ஆண்டுகளாகப் போட்டுக்கொண்டிருந்தார், அதுவும் நாளுக்கு மூன்று. "என்னமா பேசறார் பாத்தேளா! நான் இன்னிக்கே நிறுத்திடப் போறேன் டீச்சர்" என்றார். முகம் மலர்ந்திருந்தது.

நான் பதில் சொல்லவில்லை. ஒரு மண்டபமே பார்க்க என் சந்தேகத்துக்கு நோய் என்று பெயர் வைத்த பத்தாவது நிமிடம் அது. வாயைத் திறக்க வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்புமுன் மாத்திரையை மேசைமேல் எடுத்து வைத்தேன். தலைவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஏழு மாதம் கணவரை நம்பாதவள், முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவள். இதுவும் அதே சந்தேகம்தானா?

நித்யா கற்றுக்கொடுத்ததைத்தான் செய்தேன். நாற்காலியில் உட்கார்ந்து, இது உடம்பில் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன்.

பீதியின் சந்தேகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். அது தொண்டைக்குக் கீழே உட்காரும். உடனே ஓடு என்று அவசரப்படுத்தும். எந்தப் பதிலைக் கொடுத்தாலும் இது பொய் என்று தள்ளும். இப்போது தொண்டையில் ஒன்றுமில்லை. நாடியைப் பிடித்துப் பார்த்தேன், நிதானமாக இருந்தது. இந்தச் சந்தேகம் அவசரமில்லாமல், அசையாமல் இருந்தது. அதற்கு ஒரு பதில் வேண்டும், அவ்வளவுதான். மருத்துவர் நிறுத்து என்றால் நிறுத்தவும், போடு என்றால் போடவும் அது தயாராக இருந்தது.

மாத்திரையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனேன். வியாழக்கிழமை மாலை மருத்துவரிடம் கேட்டேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டார். "அந்தச் சின்ன மாத்திரையை ரொம்ப நாள் போட்டவங்க சட்டுனு நிறுத்தினா வலிப்பு வரலாம். உயிருக்கே ஆபத்து. யார் சொன்னது உங்களுக்கு? வேற யாராவது நிறுத்தியிருக்காங்களா?"

வரதனின் வீடு எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை காலை பள்ளியில் அனுமதி கேட்டுக்கொண்டு வங்கி திறக்கும் நேரத்துக்குப் போனேன். அவர் இருக்கையில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். "நேத்து மத்தியானம் இங்கேயே விழுந்துட்டாரும்மா. கை காலெல்லாம் இழுத்துக்கிச்சு. ஆஸ்பத்திரியில இருக்காரு" என்றார்.

விழும்போது முகவாய் மேசை விளிம்பில் பட்டு எலும்பு விரிசல் விட்டிருந்தது. நான் போனபோது தூக்கத்துக்கு மருந்து கொடுத்திருந்தார்கள். அவர் மனைவி கட்டிலருகே நின்றுகொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும், "நீங்கதானா? மண்டபத்து வாசல்ல உங்ககிட்ட சொன்னாராமே, நிறுத்தப் போறேன்னு. ஆத்துக்கு வந்து சொன்னார். நீங்க ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டார்.

அவர் குற்றம் சாட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "சொல்லலை" என்றேன்.

என் வாழ்க்கையில் தேவையில்லாத இடங்களில் எவ்வளவோ சந்தேகப்பட்டிருக்கிறேன். தேவைப்பட்ட ஓரிடத்தில் வாயை மூடிக்கொண்டேன். நோயில் நான் இழந்தவை பல திரும்பி வந்தன. இது மட்டும் அப்படியே இருக்கிறது.

நித்யா மறுநாள் மருத்துவமனைக்கு வந்தாள். நடைக்கூடத்தில் அவளைத் தனியாக நிறுத்திக் கேட்டேன். "உனக்குத் தெரியும்தானே? ஏன் சும்மா நின்ன?"

"தெரியும் டீச்சர். எழுந்து சொன்னா வேலை போயிடும்னு பயந்தேன். வாரா வாரம் உங்களையெல்லாம் பயத்தைப் பாக்கச் சொல்றேன், என்னோடதை நான் பாக்கல." கண்ணில் வந்த நீரை அவள் துடைக்கவில்லை. "மையத்துக்கு எழுதிட்டேன். இனிமே அவங்களோட இல்ல."

அவளையும் நான் முழுதாக நம்பவில்லை. ஆறு வாரம் கழித்துத் தட்டச்சுப் பள்ளி மாடியில் குழு மறுபடியும் கூடியபோது கதவோரமாகத்தான் உட்கார்ந்தேன். அன்று யாரும் கண்ணை மூடவில்லை. நடந்ததைப் பற்றியே பேசினோம். மாத்திரையைப் பற்றி எழுதிக்கொடுத்த மருத்துவரைத் தவிர யாரும் சொல்லக் கூடாது. கேள்வி கேட்பவரின் கேள்விக்குத்தான் பதில் வேண்டும், அவருடைய குணத்துக்கு விளக்கம் வேண்டாம். இந்த இரண்டையும் சகுந்தலா சொல்லச் சொல்ல நான் அங்கிருந்த கரும்பலகையில் எழுதினேன். சகுந்தலா அதைப் படித்துவிட்டு, "எங்க வூட்லயும் இத எழுதி ஒட்டணும்மா" என்றாள். ஊர் விழித்ததா என்று எனக்குத் தெரியாது. அந்த அறையில் அதற்குப் பிறகு எல்லாரும் கொஞ்சம் உரக்கப் பேசினோம்.

வரதன் இரண்டு மாதம் கழித்து வந்தார். முகவாயில் தழும்பு. மருத்துவர் சொன்னபடி அதே மாத்திரையைத் துளித்துளியாகக் குறைத்துக்கொண்டிருந்தார். "நீங்க சொல்லியிருந்தாலும் அன்னிக்கு நான் கேட்டிருக்க மாட்டேன் டீச்சர்" என்றார். அது உண்மையா என்று தெரியவில்லை. எனக்காக அதைச் சொல்ல அவர் விரும்பினார் என்பதை மட்டும் நம்பினேன்.

இதே நோயோடு இதைப் படிப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது குறைவு. கவனிக்கும் பயிற்சி எனக்கு உதவியது. மாத்திரையும் உதவியது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது, அப்படிப் பிரித்துச் சொல்பவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். சந்தேகம் வந்தால் வெட்கப்படாதீர்கள். பதில் கிடைத்த பிறகும் அது அடங்காவிட்டால் அப்போது அதைப் பற்றி யோசிக்கலாம். எனக்கு மாத்திரைகளை முழுதாக விட ஒன்றரை ஆண்டு ஆனது. அதற்குப் பிறகும் நான்கைந்து முறை பீதி வந்திருக்கிறது. வந்தது, இருந்தது, போனது.

சில ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு கோடை விடுமுறையில் தாமலில் என் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பின்கட்டில் பாய் விரித்துப் படுத்தேன். ஏரிப்பக்கம் இருந்து காற்று வந்தது. நோய் வந்த பிறகு நான் பகலில் தூங்கியதே இல்லை. விழிக்கும் நொடியில் இதயம் என்ன செய்யுமோ என்று, கண் செருகும்போதே எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

அன்று தூங்கியிருக்கிறேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. விழித்தபோது வெளிச்சம் சாய்வாக இருந்தது. காலையா மாலையா என்று பிடிபடவில்லை. எந்த வீடு என்பதும் ஒரு கணம் பிடிபடவில்லை. கன்னம் பாயில் பதிந்து கோடு விழுந்திருந்தது. ஒரு கை உடம்புக்கு அடியில் மாட்டி மரத்துப்போயிருந்தது. மரத்த கை வெறும் மரத்த கையாக இருந்தது. அதற்கு வேறு அர்த்தம் தேடவில்லை.

தம்பி மனைவி எட்டிப் பார்த்தாள். "முழிச்சிக்கினியா அண்ணி? எழுப்ப மனசு வரல. டீ வைக்கட்டா?"

"வையி" என்றேன்.

மணி என்ன என்று கேட்கவில்லை. கையில் ரத்தம் திரும்பி ஓடத் தொடங்கி, விரல்நுனிகளில் குறுகுறுத்தது. அது முடியும்வரை அப்படியே படுத்திருந்தேன்.